காவேரிக் கரை வீட்டுக்கு ஏற்ற வடிகட்டி

வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டு, கல்லணையைக் கடந்து வரும் புதுத் தண்ணீர் ஆனி, ஆடி மாதங்களில் ஆற்றிலும் வாய்க்காலிலும் செந்நிறமாகக் கலங்கி ஓடும்போது, குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டு, வண்டல் அடியில் தங்கிய பின் மேல்நீரை இறுத்துக் குடிப்பது தஞ்சைச் சீமையின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கம். அதனாலோ என்னவோ, தெளிந்த ஜலமே நல்ல ஜலம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. குடிநீர் விஷயத்திலேயே அது முழு உண்மையாகாது; மீன்தொட்டியின் விஷயத்திலோ அதை நம்பி ஏமாந்தவர்கள் அநேகம். புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குகிறவர் கடைக்குச் சென்று, “தண்ணி பளிங்கு மாதிரி இருக்கணும், அதுக்கு ஒரு பில்டர் குடுங்க” என்று கேட்பதும், கடைக்காரர் வெள்ளைப் பஞ்சு அடைத்த பெட்டி ஒன்றை எடுத்து நீட்டுவதும், ஒரு வாரம் கழித்து, பளிங்குபோலவே இருக்கும் அந்த ஜலத்தில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், பிறகு ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பதும் எல்லா ஊர்களிலும் நடக்கின்ற சங்கதிதான். ஆகவே எந்த வடிகட்டி என்று கேட்பதற்கு முன்னால், வடிகட்டி எதற்காக என்பதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்ப்பது அவசியம்.

மீன் தின்னும் உணவிலிருந்து பிறக்கும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதி, அதன் செவுள்களின் வழியாகவே அம்மோனியாவாக நீரில் கலந்துவிடுகிறது; தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியும் அம்மோனியாவையே தருகிறது. அம்மோனியாவுக்கு நிறமில்லை, அது நீரைக் கலக்குவதும் இல்லை. ஓடுகின்ற ஆற்றிலும் பெரிய குளத்திலும் இது கரைந்து மறைந்துபோகும். ஐம்பது லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளோ, தான் வெளியிட்ட விஷத்தையே மீன் மறுபடி மறுபடி உள்ளிழுத்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. இதற்குப் பரிகாரமாக இயற்கை இருவகை நுண்ணுயிர்களைப் படைத்திருக்கிறது. முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் விஷம்தான். இரண்டாம் வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் கெடுதல் மிகக் குறைவு. செடிகள் அதை உண்ணும், வாரந்தோறும் நாம் மாற்றும் கால்பங்கு நீரோடு மிச்சம் வெளியேறிவிடும். இவ்விரு வகை உயிர்களும் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. நீரில் மிதந்து திரிபவை சொற்பமே. அவை ஒட்டி வாழ விசாலமான பரப்பையும், அந்தப் பரப்பின் மீது பிராணவாயு நிறைந்த நீர் ஓய்வின்றி ஓடுவதையும் எந்த உபகரணம் ஏற்படுத்தித் தருகிறதோ, அதுவே வடிகட்டி. தூசியைப் பிடிப்பது அதன் உபதொழில்.

இந்த விஷயம் வெளிப்பட்ட கதையே ஒரு வடிகட்டியின் கதை. 1877-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ரசாயன அறிஞர்களான ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், மணலோடு சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து நிரப்பிய நீண்ட குழாய் ஒன்றின் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டார்கள். ஏறக்குறைய இருபது நாள் வரையில் மேலே விட்ட அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதற்குப் பிறகு நைட்ரேட் தோன்றத் தொடங்கி, அம்மோனியா மறைந்தது. குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுபோயிற்று. மாற்றத்தைச் செய்தது மணலின் ரசாயன குணமன்று, மணலில் குடியேறிய உயிர்களே என்பது அதனால் நிரூபணமாயிற்று. அந்தக் குழாய்க்குள் நடந்ததெல்லாம் நம் வீட்டுத் தொட்டியிலும் நடக்கிறது: உயிர்கள் குடியேறுவதற்கு வாரக் கணக்கில் அவகாசம் வேண்டும், சுண்ணாம்புச் சத்து அவற்றுக்கு அனுகூலம், விஷம் பட்டால் அவை ஓய்ந்துபோகும். இந்த அத்தியாயத்தில் இனி சொல்லப்போவதில் பெரும்பங்கு இம்மூன்றின் விரிவுரையே.

முதலில் நம் ஜலத்தைப் பார்ப்போம். டெல்டாவின் வீடுகளில் மீன்தொட்டிக்கு ஊற்றப்படுவது பெரும்பாலும் போர் தண்ணீர். பல இடங்களில் அது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர், காரத்தன்மை உடையது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கங்களில் உவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். நீரில் கரைந்த அம்மோனியா முழுவதும் ஒரே ரூபத்தில் இருப்பதில்லை. ஒரு பகுதி அதிகம் தீங்கு செய்யாத ரூபத்திலும், மற்றொரு பகுதி கொடிய விஷமாகவும் இருக்கிறது. காரமும் வெப்பமும் ஏற ஏற விஷப்பகுதி பெருகும். 30 டிகிரி வெப்பமுள்ள நீரில், காரஅமில அளவு 7 ஆக இருக்கும்போது அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே விஷ ரூபத்தில் இருக்கும். அதே நீர் 8 என்ற அளவுக்கு ஏறினால் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு விஷமாகிவிடும். குளிர்தேசத்துப் புத்தகத்தைப் பார்த்து, “இவ்வளவு சிறிய அம்மோனியா கெடுதல் செய்யாது” என்று நம் ஊரில் சும்மா இருப்பது ஆபத்து என்பது இதனால் விளங்கும். ஆனால் எந்தக் காரமும் வெப்பமும் விஷத்தைப் பெருக்குகின்றனவோ, அவையே அந்த விஷத்தை உண்ணும் உயிர்களையும் செழிக்கச் செய்கின்றன. அவ்வுயிர்கள் சுண்ணாம்புச் சத்துள்ள வெதுவெதுப்பான நீரில் விரைந்து பெருகுபவை. வியாதியும் மருந்தும் ஒரே கிணற்றில் கிடைக்கின்ற இந்தச் சௌகரியத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கு, தஞ்சாவூரில் மீன் வளர்ப்பது லண்டனில் வளர்ப்பதைவிட எளிது என்பது என் அபிப்பிராயம்.

இடையூறு ஒன்றே ஒன்று உண்டு. அது பிராணவாயுப் பஞ்சம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைக்கு மேல் தாங்காது. சித்திரை, வைகாசி மாதங்களில் காற்றோட்டமில்லாத கூடத்தில் தொட்டி நீர் அதற்கும் மேலே காய்ந்துவிடும். அம்மோனியாவாக இருக்கும் நைட்ரஜன் ஒரு மில்லிகிராமை நைட்ரேட்டாக மாற்றுவதற்குள் அந்த நுண்ணுயிர்கள் ஏறக்குறைய நாலரை மில்லிகிராம் பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. ஆகவே மீனும் வடிகட்டியும் ஒரே பாத்திரத்திலிருந்து பங்கு கேட்கின்றன. இதை நெல் விளைவிக்கிறவர்களுக்கு விளக்குவது சுலபம். நீர் தேங்கிய வயலின் சேற்றுக்குள் காற்றுப் புகாது. கறுத்து நாறும் அந்தச் சேற்றின் மேற்பரப்பில் மட்டும், நீரோடு ஒட்டிய மெல்லிய படலம் ஒன்று பழுப்பு நிறமாகப் பிராணவாயு பெற்று உயிரோடிருக்கும். 1913 முதல், சென்னை மாகாண விவசாய இலாகாவின் ரசாயன நிபுணர் ஹாரிசனும், அவரோடு பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும், நெல்வயல் சேற்றிலிருந்து கிளம்பும் வாயுக்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகளில், பாசியும் நுண்ணுயிர்களும் கூடிய அந்தப் படலமே மேல்நீரில் பிராணவாயுவைப் பெருக்கி, பயிரின் வேருக்கு உதவுகிறது என்று காட்டினார்கள். நம் வடிகட்டியும் அந்த மேற்படலத்தைப்போல் இருக்க வேண்டும். காற்றுப் படாமல் அடைந்துகிடக்கும் அடிச்சேறாக அது மாறிவிட்டால், மீனைக் காப்பதற்குப் பதில் கொல்லும்.

இந்த நோக்கத்தோடு கடையிலுள்ள வகைகளைப் பரிசீலிப்போமானால், முதல் ஸ்தானம் மிக எளிய, மிக மலிவான ஸ்பான்ஞ் பில்டருக்கே கிடைக்கிறது. துளைகள் நிறைந்த ஒரு ஸ்பான்ஞ் உருளை, அதன் நடுவே ஒரு குழாய், வெளியே ஒரு ஏர் பம்ப், இரண்டையும் இணைக்கும் மெல்லிய டியூப் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. குழாயினுள் மேலேறும் காற்றுக் குமிழிகள் நீரையும் தூக்கிச் செல்ல, அந்த இடத்தை நிரப்புவதற்காகச் சுற்றிலுமுள்ள நீர் ஸ்பான்ஞின் துளைகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. துளைகளின் சுவரெல்லாம் நுண்ணுயிர்களுக்கு வீடு. மேலே வெடிக்கும் குமிழிகள் நீரின் மேற்பரப்பைக் கலைத்துப் பிராணவாயுவையும் சேர்த்துவிடுகின்றன. நமக்கு வேண்டிய இரண்டு காரியங்களும் ஒரே வீச்சில் நடந்துவிடுகின்றன. குஞ்சுகளை அது உறிஞ்சிக் கொல்லாது; கப்பி, மாலி போன்றவை குட்டி போடும் தொட்டிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. வேகமான நீரோட்டத்தைச் சகியாத பைட்டர், கௌராமி வகைகளும் இதனோடு நிம்மதியாக வாழும். குமிழிச் சத்தமும், தொட்டிக்குள் கறுப்பாக ஒரு பொருள் நிற்கும் அலங்காரக் குறையும் இதன் மீது சொல்லப்படும் குற்றங்கள். சத்தத்தைப் பம்பின் அடியில் மடித்த துணி ஒன்றை வைத்துக் குறைக்கலாம். அலங்காரக் குறைக்கு முன்னால் ஒரு செடியை நட்டால் போதும். வாயைத் திறந்து மூடும் முதலைப் பொம்மையையும் குமிழி விடும் மண்டையோட்டையும் தொட்டிக்குள் சகித்துக்கொள்கிறவர்கள் ஒரு ஸ்பான்ஞைச் சகிக்க மாட்டோம் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

ஏர் பம்பை எப்போதும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். அதற்கு இடமில்லையென்றால், நீர் திரும்பி வராமல் தடுக்கும் சிறிய வால்வு ஒன்றை டியூபின் நடுவில் பொருத்துவது கட்டாயம். இல்லாவிடில் மின்சாரம் நின்ற க்ஷணத்தில் தொட்டி நீர் டியூபின் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.

மணலுக்கு அடியில் தட்டை வைத்து, மணலையே வடிகட்டியாக்கும் பழைய முறையைப் பற்றி ஒரு வார்த்தை போதும். மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் பருமனுள்ள சரளைக்கு அது நல்ல முறை. வாசலிலேயே கிடைக்கிறது என்று காவேரி மணலை அள்ளிப் போட்டால், அந்த நுண்மணல் சீக்கிரமே இறுகி, மேலே சொன்ன அடிச்சேறாகிவிடும்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்பது டாப் பில்டர். தொட்டியின் மேல்மூடியில் ஒரு நீண்ட பெட்டி, அதில் பஞ்சு, நீரை மேலேற்ற ஒரு சிறு மோட்டார். விற்கப்படும் நிலையிலேயே உபயோகித்தால் அது தேற்றாங்கொட்டையின் வேலையைத்தான் செய்யும்; ஏனெனில் பஞ்சு இரண்டு வாரத்தில் அடைத்துக்கொள்ள, அதை எடுத்து எறிந்துவிட்டுப் புதுப்பஞ்சு வைக்கும்போது, அதில் குடியேறிய உயிர்களையும் சேர்த்து எறிந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பெட்டியில் மேலே ஒரு மெல்லிய அடுக்குப் பஞ்சை மட்டும் வைத்து, அதன் கீழே செராமிக் வளையங்களையோ, அவை கிடைக்காத இடத்தில் மெருகு பூசாத மண்பானை ஓட்டை விரல் நகமளவு உடைத்துக் கழுவியோ நிரப்பிவிட்டால், காற்றும் நீரும் சேர்ந்து கசிந்திறங்கும் அருமையான வடிகட்டி ஒன்று கிடைத்துவிடுகிறது. இது ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் செய்த குழாயின் நேர் வாரிசு. பஞ்சை எத்தனை முறை மாற்றினாலும் ஓட்டைத் தொடாதிருக்க வேண்டும். தங்கமீன் போன்ற பெருந்தீனிக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். கூடவே ஒரு ஸ்பான்ஞும் இருப்பது உத்தமம்.

தொட்டிக்குள் முழுகியிருக்கும் மோட்டார் பில்டர்களில் ஸ்பான்ஞ் மிகச் சிறியது. துணைக்கு ஆகும், தனியே போதாது. தொட்டியின் பின்சுவரில் தொங்கும் ஹேங் ஆன் வகை நடுத்தரத் தொட்டிகளுக்கு நல்லதுதான். ஆயினும் கோடையில் நீர் ஆவியாகி மட்டம் இரண்டு அங்குலம் இறங்கினாலும் அது இழுக்கத் திணறும். மின்சாரம் நின்று திரும்பி வரும்போது சில வகைகள் தாமாக நீரை இழுக்கத் தொடங்குவதில்லை, வெறுமனே சுழன்று சூடேறிப் பழுதாகும். வாங்குமுன் கடையிலேயே சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்துப் போடச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

விலை உயர்ந்த கேனிஸ்டர் பில்டரின் பெருமையை மறுப்பதற்கில்லை. நாலடி, ஐந்தடித் தொட்டிக்கும், செடிகள் அடர்ந்த தொட்டிக்கும் அதன் கொள்ளளவுக்கு ஈடில்லை. ஆனால் அது காற்றுப் புகாத மூடிய பாத்திரம். நீர் ஓடும்வரை உள்ளிருக்கும் கோடிக்கணக்கான உயிர்கள் வாழ்கின்றன, ஓட்டம் நின்றதும் உள்ளேயுள்ள பிராணவாயுவை அவையே தின்று தீர்த்துவிட்டு, சில மணி நேரத்தில் மடிந்து அழுகத் தொடங்குகின்றன. மின்சாரம் வந்ததும் அது தானாக ஓடி, அழுகிய நீரையெல்லாம் தொட்டிக்குள் கக்கிவிடும். நெடுநேரம் நின்றுபோன கேனிஸ்டரைத் திறந்து, உள்நீரைக் கொட்டி, தொட்டி நீரிலேயே அலசாமல் மறுபடி ஓட்டக் கூடாது. ஜெனரேட்டரோ நல்ல இன்வர்ட்டரோ இல்லாத வீட்டில் கேனிஸ்டரை மட்டுமே நம்பித் தொட்டி வைப்பது விவேகமன்று.

மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டபடியால், டெல்டாவாசிகள் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்ததில், பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக் கணக்கில் ஆயிற்று. மனிதர்களே தண்ணீருக்கு அலைந்த அந்நாட்களில் மீன்களை யார் நினைத்தார்கள் என்று கேட்கலாம். அப்படிப்பட்ட வேளையில் கவனிப்பு இல்லாமலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு எது என்பதே என் கேள்வி. ஸ்பான்ஞ் திறந்த நீரிலேயே நனைந்து கிடப்பதால் அதிலுள்ள உயிர்கள் எளிதில் அழிவதில்லை. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் அதே டியூபை அதில் மாட்டிவிடலாம். அதுவும் இல்லாதவர்கள் தீனியை அடியோடு நிறுத்திவிட்டு, அவ்வப்போது ஒரு குவளையில் தொட்டி நீரை எடுத்து ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினாலும் மீன்கள் பிழைக்கும். செலவும் சொற்பமே: 3 வாட் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடினாலும், இரண்டு மாதத்து மின்கணக்கில் நாலேகால் யூனிட்டைத்தான் கூட்டும், 20 வாட் கேனிஸ்டர் அதே காலத்தில் ஏறக்குறைய 29 யூனிட் எடுக்கும்.

அளவுக் கணக்கு சுலபமானது. தொட்டியின் நீள, அகல, உயரத்தை அடியில் பெருக்கி 28-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி 56 லிட்டர். கல், மேலே விடும் இடைவெளி இவற்றைக் கழித்தால் 45 லிட்டர் நீர் நிற்கும். மோட்டார் பில்டரானால், அந்த நீர் முழுவதும் மணிக்கு நாலைந்து தடவையாவது வடிகட்டியின் வழியே போய்வர வேண்டும் என்பது பொது விதி. ஆக மணிக்கு 200 லிட்டருக்குக் குறையாத ஓட்டம் தேவை. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது வெறும் மோட்டாரின் சக்தி. பஞ்சும் ஓடும் நிரம்பி, உயரத்துக்கும் ஏற்றும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகையால் மோட்டார் பில்டரில் 350, 400 என்று போட்டதை வாங்குவது சரியாக இருக்கும். தங்கமீனுக்கு இன்னும் ஒரு படி மேலே செல்லலாம்.

நம் வாய்க்கால் மீன்களை வளர்க்க விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பனையேறிக் கெண்டை, விரால், தேளி முதலியவை காற்றை நேராகவே சுவாசிக்கும் வரம் பெற்றவை. 1791-இல் தரங்கம்பாடியில் டேனிஷ் அதிகாரி தால்டார்ஃப், பனைமரத்தின் வெடிப்பில் தரையிலிருந்து உயரத்தில் ஒரு மீனைப் பிடித்ததாக எழுதி, அது 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாகி, பனையேறிக் கெண்டையை உலகப் பிரசித்தமாக்கியது. இவற்றுக்கு வடிகட்டியே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பிராணவாயுக் குறைவைத்தான் இவை வெல்லும். அம்மோனியாவை வெல்லும் சக்தி இவற்றுக்கும் வரம்புக்குட்பட்டதே. பெருந்தீனி தின்னும் இவற்றுக்கு நல்ல வடிகட்டி அதிகம் தேவை. அதோடு இறுக்கமான மூடியும் தேவை; ஏறிப் பழகியவை தொட்டியிலிருந்தும் ஏறிவிடும்.

எந்த வடிகட்டியானாலும், பொருத்திய அன்றே அது வடிகட்டியாகிவிடாது. நாலு முதல் ஆறு வாரம் வரையில் ஒன்றிரண்டு மீன்களை மட்டும் விட்டு, சொற்பமாகத் தீனியிட்டுக் காத்திருக்க வேண்டும். நண்பர் ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஸ்பான்ஞ் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் உலராமல் கொண்டுவந்து நம் தொட்டியில் போட்டால், காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். புது ஸ்பான்ஞைவிடப் பழைய அழுக்கு ஸ்பான்ஞே இந்த விஷயத்தில் மதிப்புள்ளது. சுத்தம் செய்யும்போதும் இதே நியாயம். கொள்ளிடத்தின் மணற்படுகையிலிருந்து டெல்டாவின் பல ஊர்களுக்கு வரும் குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கிறது; அதில் ஸ்பான்ஞைப் பிழிவது, பிரெஞ்சுக்காரர்கள் குளோரோபார்ம் விட்டதற்குச் சமானம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் விட்டு, அதில் லேசாகப் பிழிந்தால் போதும். அந்த வாளி நீரை வாசல் செடிக்கு ஊற்றுங்கள். குழாய்நீரைத் தொட்டிக்கு ஊற்றுவதானால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுவது க்ஷேமம். கரித்தூள் பைகளைப் பற்றிக் கடைக்காரர் வற்புறுத்தினால் பணிவாக மறுத்துவிடலாம். மருந்திட்ட பின் மிச்சத்தை நீக்குவதற்கன்றி, அன்றாடம் அதற்கு வேலையில்லை.

இரண்டடித் தொட்டிக்கு ஏர் பம்புடன் ஒரு ஸ்பான்ஞ். மூன்றடிக்கு இரண்டு ஸ்பான்ஞ், அல்லது ஓடு நிரப்பிய டாப் பில்டரோடு ஒரு ஸ்பான்ஞ். அதற்கு மேலே போகிறவர்கள் கேனிஸ்டரை நினைக்கலாம், அப்போதும் ஸ்பான்ஞை எடுக்கக் கூடாது. கடைக்குப் போகும்போது தொட்டியின் நீள, அகல, உயரத்தையும், வளர்க்க விரும்பும் மீனின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வடிகட்டியை வாங்கி வந்து ஓடவிட்ட பிறகு மீனுக்காக இன்னொரு நாள் போங்கள். அன்றைக்கே மீனையும் வாங்கி வராதீர்கள்.